ஒரு லிட்டர் டர்போ: ஐந்தாவது சுற்றில் பிக்கப் எங்கே போனது?

நிகழ்வு ஆய்வு, சென்னை

வண்டியும் புகாரும்

998 சிசி, மூன்று சிலிண்டர், நேரடி இன்ஜெக்‌ஷன், டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். ஏழு கியர் டூயல் கிளட்ச். கம்பெனி கணக்கில் 115 முதல் 120 பிஎஸ் வகுப்பு. 41,000 கிலோமீட்டர் ஓடியது. வாரண்டி முடிந்ததும் ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூவின் மேப்பை மாற்றி சக்தியைக் கூட்டுவது) செய்யப்பட்டது. சைலன்சர், இன்டர்கூலர் (டர்போ அமுக்கிய சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்), ஏர் ஃபில்டர் எல்லாம் ஒரிஜினல். வார நாட்களில் வேளச்சேரி–சிறுசேரி. எப்போதாவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே. இங்கே ஒரே வண்டியாக எழுதியிருந்தாலும், இந்த வகுப்பு வண்டிகளில் தனித்தனியாக வரும் குறைகளைச் சேர்த்துக் கோத்த நிகழ்வு இது. அதனால் கம்பெனி பெயர் இல்லை. அளவீடுகளும் ஒரு மாதிரிக் கணக்காகவே கொள்ளப்பட வேண்டும்.

புகார்கள் இரண்டு. முதலாவது ரோட்டில்: "சாயங்காலம் ஓஎம்ஆர்ல ஊர்ந்துட்டு வந்து, சோழிங்கநல்லூர் தாண்டி காலி ரோடு கிடைச்சதும் மிதிச்சா அப்படியே அமுங்கிடுதுங்க. இன்ஜின் லைட்டும் வருது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது." இரண்டாவது டிராக்கில்: முதல் இரண்டு சுற்று பிரமாதம், நாலாவதில் மந்தம், ஐந்தாவதில் ரீமேப் செய்யாத வண்டியே முந்திப் போகிறது. அப்போது லைட் எதுவும் எரிவதில்லை.

இதற்கு முன் பார்த்த பட்டறையில் ஸ்கேனர் போட்டிருக்கிறார்கள். பி0299 என்ற குறைக் கோடு, அதாவது இசியூ கேட்ட பூஸ்ட் (டர்போ அமுக்கிக் கொடுக்கும் காற்றழுத்தம்) வரவில்லை. இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்ப் பசை. தீர்ப்பு உடனே வந்துவிட்டது: "டர்போ சீல் போச்சு, மாத்திடலாம்."

இந்தத் தீர்ப்பு அடிக்கடி வருவது, அடிக்கடி தவறுவது. பி0299 சொல்வது பூஸ்ட் குறைவு என்பதை மட்டும்தான். டர்போ குறை என்று அந்தக் கோடு சொல்வதே இல்லை.

இந்தச் சின்ன இன்ஜின்கள் எப்படி இங்கே வந்தன

குறையைப் புரிந்துகொள்ள, இந்த வகை இன்ஜின் ஏன் இப்படி இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. சின்ன இன்ஜினில் டர்போ வைத்துப் பெரிய இன்ஜினை அடிக்கும் யோசனை புதிதல்ல. 1977-லேயே ரெனோ 1.5 லிட்டர் டர்போவை ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் சாப் 99 டர்போ ரோட்டுக்கு வந்தது. ஆனால் அன்றைய டர்போவில் கம்ப்ரஷன் விகிதத்தைத் தாழ்த்தியே நாக்கிங்கைத் (சூட்டில் பெட்ரோல் தானாகவே வெடித்துத் தட்டுவதை) தவிர்த்தார்கள். மிதித்தால் ஒன்றும் நடக்காது, பிறகு மொத்தமாக வரும். இன்றைய ஒரு லிட்டர் இன்ஜின் 10:1-ஐ ஒட்டிய கம்ப்ரஷனோடு பூஸ்டையும் தாங்குவதற்கு முக்கியக் காரணம் நேரடி இன்ஜெக்‌ஷன்: பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே ஆவியாகி அங்குள்ள காற்றைக் குளிர்விக்கிறது. கூடவே வேகமான நாக் கட்டுப்பாடு, உள்ளிழுப்பும் வெளியேற்றமும் துல்லியமாக மாறும் வால்வ் டைமிங், 1,500 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் கொடுக்கத் தொடங்கும் கையடக்க டர்பைன் (வெளியேறும் வாயு சுழற்றும் டர்போ சக்கரம்).

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் டொயோட்டா ஜிஆர் யாரிஸின் 1,618 சிசி மூன்று சிலிண்டர். புதிய பதிப்பில் 304 பிஎஸ். மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ்-ஸின் 1,991 சிசி நாலு சிலிண்டர் 421 பிஎஸ், லிட்டருக்கு 211. நம்மூர் ஒரு லிட்டர் வண்டிகள் லிட்டருக்கு 100 முதல் 120 என்ற அளவில் நிற்கின்றன. எண்ணிக்கையில் அடக்கம்தான். ஆனால் அந்தப் பெரியவர்களுக்குக் கிடைக்கும் கூலிங் இவற்றுக்குக் கிடைப்பதில்லை, வித்தியாசம் அங்கேதான்.

இந்தியாவில் இவை பெருகியதற்கு வேகத்தை விட வரிக்கே பெரிய பங்கு. 2006 பட்ஜெட்டிலிருந்தே நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் என்ற வரம்புக்கு வரிச்சலுகை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரம்புக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி, தாண்டினால் 40. பிறகு 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது மாருதியும் ஃபோக்ஸ்வேகனும் இங்கே டீசலையே விட்டுவிட்டன. டீசலின் அந்த இழுவைக்குப் பழகியவர்களுக்குக் கொடுக்க இருந்தது டர்போ பெட்ரோல் ஒன்றுதான். சென்னைச் சுற்றுவட்டாரமே இதற்குச் சாட்சி. 2013-இல் மறைமலை நகரில் ஒரு லிட்டர் ஈகோபூஸ்டோடு ஈகோஸ்போர்ட் வந்தது. ஒரகடத்திலிருந்து மேக்னைட்டும் கைகரும், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஐ20 என் லைன். ரேஸ் டிராக்கும் அந்த ஆலையும் ஒரே ஊரில் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம்.

ஆக, இது வரிக்கணக்கில் பிறந்து, ரீமேப்பில் வேக வண்டியான இன்ஜின். டிராக்கில் தொடர்ந்து கால் மணி நேரம் முழு மிதியில் ஓடவேண்டும் என்று இதன் ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் யாரும் அளவெடுக்கவில்லை.

ஸ்பானரை எடுக்கும் முன் லாக்

இந்த வண்டியில் முதலில் செய்தது லாக் எடுப்பது, அதாவது வண்டி ஓடும்போதே சென்சார் அளவுகளைப் பதிவு செய்வது. ஓபிடி போர்ட்டில் (ஸ்கேனர் மாட்டும் இடத்தில்) செருகும் சாதாரண அடாப்டர் போதாது. வினாடிக்கு ஐந்து ஆறு தடவையாவது ஒவ்வொரு அளவையும் வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஸ்ட் விழும் கணம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். எடுக்க வேண்டியவை: ஆர்பிஎம், மிதியளவு, கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், வேஸ்ட்கேட் (டர்பைனுக்குப் போகும் வாயுவைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) நிலை, இன்டர்கூலருக்குப் பின் காற்றின் வெப்பம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாக் காரணமாகப் பின்னிழுத்த (தீப்பொறியைத் தாமதப்படுத்திய) இக்னிஷன் டிகிரி, லாம்ப்டா (காற்று–பெட்ரோல் விகிதம்; 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்), ஃப்யூயல் ரயில் அழுத்தம் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்), கூலன்ட் வெப்பம். மொத்தம் பத்து. இருபது சேனல் வைத்தால் வேகம் குறைந்துவிடும்.

ரோட்டுப் புகாருக்கு: அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு, இரண்டாவது கியரில் 2,000-இலிருந்து முழு மிதி. டிராக் புகாருக்கு: ஐந்து முழுச் சுற்று. 3.7 கிலோமீட்டர் டிராக்கில் இந்த வேக வண்டிக்கு அது சுமார் 12 நிமிடம்.

இரண்டு லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் தெளிந்தது. ரோட்டில் கேட்டது 2.2 பார் (வளிமண்டலத்தையும் சேர்த்து), வந்தது 1.8. வேஸ்ட்கேட் முழுக்க மூடிக்கொண்டிருக்கிறது. அதாவது இசியூ தன்னால் ஆனதை எல்லாம் செய்துவிட்டது, ஆனாலும் காற்று எங்கோ போகிறது. இக்னிஷன் சரி. காற்று வெப்பமும் பெரிதாக இல்லை. டிராக்கில் இதற்கு நேர்மாறு: கேட்ட 2.2 அப்படியே வருகிறது. ஆனால் காற்று வெப்பம் முதல் சுற்றில் 62 டிகிரி, ஐந்தாவதில் 94. இக்னிஷன் மூன்று சிலிண்டரிலும் ஒரே சீராக 7 முதல் 9 டிகிரி பின்னால்.

ஒரே வண்டி, ஒரே மாதிரிப் புகார், குறைகள் வேறு வேறு. டர்போவை மாற்றியிருந்தால் இரண்டில் ஒன்றும் தீர்ந்திருக்காது. கழற்றும்போது ஹோஸைத் திரும்ப மாட்டுவார்களே, அதனால் முதலாவது கொஞ்ச நாள் தீர்ந்த மாதிரி இருந்திருக்கும். டர்போ மாற்றிய வண்டிகள் மூன்று மாதத்தில் அதே கோடோடு திரும்பி வருவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

டர்போவை இருந்த இடத்திலேயே பார்த்தாயிற்று. கம்ப்ரஸர் (டர்போவில் காற்றை அமுக்கும் சக்கரம்) பக்கப் பைப்பைக் கழற்றி, விரலால் ஷாஃப்டை முன்பின்னாக இழுத்தால் ஆட்டம் கையில் தட்டுப்படக் கூடாது, தட்டுப்படவில்லை. பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி அது. இறக்கைகள் கூட்டில் உரசிய கோடு இல்லை. ஹோஸுக்குள் இருந்த எண்ணெய்ப் பசை? கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) மூச்சுக்குழாய் டர்போவின் வாயிலில்தான் வந்து சேர்கிறது. அந்த வழியாக வரும் எண்ணெய் ஆவி எல்லா டர்போ வண்டியிலும் இன்டர்கூலரில் படியும். விரலில் ஒட்டும் அளவு இயல்பு. கவிழ்த்தால் குளமாகக் கொட்டினால்தான் சீலையும் மூச்சுக்குழாய் வால்வையும் சந்தேகிக்க வேண்டும்.

குளிர்ந்த இன்ஜினில் பிடிபடாத கசிவு

முந்தைய பட்டறையில் புகைச் சோதனையும் செய்திருந்தார்கள். கசிவு இல்லை என்று வந்தது. புகை இயந்திரம் கொடுப்பது மிகச் சிறிய அழுத்தம். அதில் பிடிபடும் ஓட்டை வேறு, ஒரு பார் அழுத்தத்தில்தான் திறக்கும் ஓட்டை வேறு. அதோடு வண்டி காலையில் குளிர்ந்து நின்றிருந்தது.

அழுத்தச் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். டர்போ வாயில் பைப்பின் அளவுக்கு ஒரு பிவிசி எண்ட் கேப், அதில் ட்யூப்லெஸ் டயர் வால்வ் ஒன்று, கிளாம்ப், ரெகுலேட்டர் உள்ள ஏர் கம்ப்ரஸர், சோப்புத் தண்ணீர். ஏர் ஃபில்டர் பக்கத்தைக் கழற்றி கேப்பை மாட்டி, கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயைத் தனியே அடைக்க வேண்டும்; அடைக்காமல் காற்று ஏற்றினால் அது ஆயில் சம்ப்புக்குள் போய் கிராங்க் சீலைத் தள்ளிவிடும். ரெகுலேட்டரை 0.3 பாரில் தொடங்கி மெல்ல 1 பார் வரை. அதற்கு மேல் வேண்டாம். கேப்புக்கு நேர் எதிரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம், வழுக்கினால் குண்டு மாதிரி வரும். சைலன்சர் வழியாக லேசாகக் காற்று போகும் சத்தம் கேட்கும். ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வ்கள் இரண்டும் சற்றுத் திறந்திருப்பதால் அது. கிராங்கைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் நிற்கும்.

இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு இதைச் செய்தபோதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருவர் பிளாக்குக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவே மரக்கட்டை வைத்து, கடப்பாரையால் இன்ஜினைப் பின்னோக்கி நெம்பினார். இன்டர்கூலருக்குள் போகும் கீழ் ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்கு மறைவான பாதியில், சோப்பு நுரை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. கடப்பாரையை விட்டதும் நின்றது.

காரணச் சங்கிலி இப்படிப் போகிறது. இன்ஜினின் சுழல் ஆட்டத்தைத் தடுக்க அடியில் ஒரு டார்க் (முறுக்கு விசை) ராட் மவுண்ட் இருக்கிறது. அதன் ரப்பர் கிழிந்திருந்தது. ரீமேப்பில் டார்க் கூடியது, மூன்று சிலிண்டருக்கே உரிய அதிர்வு வேறு. முழு மிதி கொடுக்கும்போது இன்ஜின் பின்னோக்கி உருளும். எந்த அளவுக்கு உருளும் என்பது சக்கரத்துக்குப் போகும் முறுக்கைப் பொறுத்தது. அதனால்தான் இரண்டாவது கியரில் கசிகிறது, மூன்றும் நாலுமாக ஓடும் டிராக்கில் கசிவதில்லை. நெரிசலில் ஊர்ந்த வெப்பத்தில் ரப்பர் ஹோஸ் இளகியிருக்கும். உள்ளே எண்ணெய்ப் பசை வழுக்கும். போதாக்குறைக்குக் கிளாம்ப், பைப்பின் விளிம்பு மேட்டின் மீதே உட்கார்ந்திருந்தது; மேட்டுக்குப் பின்னால் 3–5 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டியது.

இதில் ஹோஸை மட்டும் மாற்றினால் ஆறு மாதம் தாங்கும். மவுண்ட்தான் வேர்.

ஐந்தாவது சுற்றின் கணக்கு

இரண்டாவது குறையைக் கண்ணால் பார்க்க முடியாது, கணக்குப் போட்டால்தான் தெரியும். காற்றை அமுக்கினால் சூடாகும். எவ்வளவு என்பதற்கு: அழுத்த விகிதத்தின் 0.283 அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து, உள்ளே வரும் காற்றின் கெல்வின் வெப்பத்தால் பெருக்கி, கம்ப்ரஸரின் திறனால் வகுக்க வேண்டும்.

சென்னை மே மாதம், நிழலில் 38 டிகிரி, அதாவது 311 கெல்வின். ஒரிஜினல் மேப் கேட்பது சுமார் 1.9 பார், கம்ப்ரஸர் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் காற்று 88 டிகிரி ஏறி 126-இல் வெளியே வருகிறது. ரீமேப் கேட்பது 2.2 பார். இந்தச் சின்ன கம்ப்ரஸருக்கு மேல் ஆர்பிஎம்மில் அது அதன் சௌகரிய எல்லைக்கு வெளியே. திறன் 60-க்கு இறங்குகிறது. அப்போது ஏற்றம் 130, வெளியே வருவது 168 டிகிரி. அழுத்தம் 16 சதவீதம்தான் கூடியது. காற்று 42 டிகிரி அதிகம் சூடாகிவிட்டது.

அடுத்து இன்டர்கூலர். தனக்கு வந்த வெப்ப ஏற்றத்தில் 65 சதவீதத்தை எடுத்துவிட்டால் ரீமேப் காற்று 84 டிகிரிக்கு வரும். அதே இன்டர்கூலருக்கு முன்பக்கக் காற்று சரியாகப் போகாமல் 45 சதவீதம்தான் எடுத்தால் 110. இது தொடர்ந்து முழு மிதியில் நிற்கும்போதுள்ள எண். டிராக்கில் வளைவுக்கு வளைவு காலை எடுப்பதால் லாக்கில் 94 வந்தது பொருந்துகிறது.

சூடான காற்று அடர்த்தியில் மெலிகிறது, அது ஒரு இழப்பு. அதை விடப் பெரிது நாக். நாக் சென்சார் தட்டலைக் கேட்டதும் இசியூ இக்னிஷனைப் பின்னிழுக்கிறது. 8 டிகிரி பின்னிழுத்தால் டார்க்கில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். தாமதமாக எரிவதால் வெளியேறும் வாயு சூடாகிறது. டர்பைனைக் காப்பாற்ற இசியூ கூடுதல் பெட்ரோல் ஊற்றுகிறது, லாம்ப்டா 0.85 பக்கம் இறங்குகிறது. மைலேஜும் போச்சு, பிக்கப்பும் போச்சு. ரீமேப்பில் கிடைத்த 16 சதவீத அழுத்தத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாமல், ஒரிஜினல் வண்டியே முந்திப்போனது இதனால்தான்.

பெங்களூரில் ட்யூன் செய்த மேப்பை அப்படியே இங்கே போடுவதும் உண்டு, மறுபக்கமும் உண்டு. இரண்டுமே யோசிக்க வேண்டியது. கடல் மட்டத்தில் 2.2 பார் கேட்டால் விகிதம் 2.2-தான், 900 மீட்டர் உயரத்தில் வளிமண்டலமே சுமார் 0.91 பார் என்பதால் அதே 2.2-க்கு விகிதம் 2.4-ஐத் தாண்டும், டர்போ அங்கே அதிக வேகத்தில் சுழல வேண்டும். ஆனால் அங்கே காற்று குளிர்ச்சி. சென்னையில் டர்போவுக்கு வேலை குறைவு, இன்டர்கூலருக்கு வேலை அதிகம். புழுக்கத்தைப் பற்றி ஒரு கூடுதல் செய்தி: பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) 26 டிகிரி இருக்கும் நாளில் காற்றில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வெறும் நீராவி. ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. பதிலுக்கு நாக் போக்கு கொஞ்சம் தணிகிறது. புழுக்கமான நாளில் வண்டி மந்தம் என்று சொல்பவர்கள் கற்பனை செய்யவில்லை.

பம்பருக்குப் பின்னால் காணாமல் போன ஸ்பாஞ்ச்

சரி, இன்டர்கூலருக்குக் காற்று ஏன் போகவில்லை? வண்டிக்கு ஒரு வருடம் முன்பு முன் பம்பர் டிங்கரிங் நடந்திருக்கிறது. பம்பரைக் கழற்றிப் பார்த்தபோது கிரில்லிலிருந்து ரேடியேட்டர் வரை காற்றை நடத்திச் செல்லும் இரண்டு பக்க பிளாஸ்டிக் தகடுகளில் ஒன்று இல்லை. மேல் விளிம்பில் ஒட்டியிருக்க வேண்டிய ஃபோம் பட்டையும் இல்லை. வேலை முடிந்து மாட்டும்போது பட்டறைத் தரையில் தங்கிவிட்டவை. காற்று சோம்பேறி; எதிர்ப்பு இல்லாத சந்து கிடைத்தால் அதன் வழியே போகும். கிரில்லில் நுழைந்ததில் ஒரு பங்கு இன்டர்கூலரைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. ஊர்ந்து போகும்போது இன்னும் மோசம்: ஃபேன் இழுத்த சூடான காற்றே அந்தச் சந்து வழியாகத் திரும்ப முன்னால் வந்து சுற்றுகிறது.

அதோடு ஏசி கண்டென்சரின் முகத்தில் ஒரு கை அகலத்துக்குத் துடுப்புகள் மடங்கியிருந்தன. பிரஷர் வாஷ் துப்பாக்கியை நெருக்கிப் பிடித்தவரின் கைவண்ணம். இன்டர்கூலரின் கீழ்வரிசையில் ஈசிஆர் மணலும் பூச்சியும் சேர்ந்து களிமண்ணாக இறுகியிருந்தன.

பெரிய இன்டர்கூலர் போடலாமே என்று எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். புதுப்பேட்டையில் வேறு வண்டியின் பெரிய இன்டர்கூலர் மலிவாகக் கிடைக்கும், ஃபேப்ரிகேஷனும் செய்து தருவார்கள். ஆனால் காற்று வழி அடைபட்ட இடத்தில் பெரிய கோர் வைத்தால், அது முதல் இரண்டு சுற்றுக்கு வெப்பத்தைத் தேக்கி வைத்துக்கொண்டு நன்றாகத் தெரியும், பிறகு அதே கதை. பின்னால் இருக்கும் ரேடியேட்டரையும் மறைக்கும். அந்தச் சந்துகளை அடைக்க ஆகும் செலவு அதில் ஒரு துளி. அதைச் செய்துவிட்டு, லாக் எடுத்துவிட்டு, பிறகும் போதாது என்றால் பெரிய கோரைப் பற்றிப் பேசலாம்.

(சில கம்பெனிகள் இன்டேக் மேனிஃபோல்டிலேயே தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் வைக்கின்றன. அவற்றில் ஃபோமை விட, தனி எலக்ட்ரிக் பம்ப் ஓடுகிறதா, அந்தத் தனி சர்க்யூட்டில் காற்றுக்குமிழ் இருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை.)

பிளக், ஆயில், பெட்ரோல்

பிளக்குகளைக் கழற்றினால் இடைவெளி 0.85 மில்லிமீட்டர். அழுத்தம் கூடும்போது தீப்பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும், 2.2 பாரில் இந்த இடைவெளியில் ஒரு சிலிண்டர் எப்போதாவது எரியாமல் போவது லாக்கில் சின்ன நடுக்கமாகத் தெரிந்தது. புதிய பிளக் ஒரு படி குளிர்ந்த வெப்ப எண்ணில் (வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடும் வகை), இடைவெளி 0.65 மில்லிமீட்டர். இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசி போன்றது. நாணய வடிவ கேஜை நுழைத்து நெம்பினால் முறியும். கம்பி கேஜால் அளந்து, பக்க முனையை மட்டும் வளைக்க வேண்டும். மாட்டும்போது டார்க் ரென்ச், திருகு மரையில் கிரீஸ் தடவாமல்.

ஆயிலில் இந்த இன்ஜின்களுக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு. குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் இருக்கும்போது, சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயில்–பெட்ரோல் துளி, பிளக் தீப்பொறிக்கு முன்பே பற்றிக்கொள்ளும். சாதாரண நாக்கை இசியூ இக்னிஷனைப் பின்னிழுத்து அடக்கும். இதில் தீப்பொறிக்கே வேலை இல்லாததால் அடக்க வழியில்லை. ஒரு தடவை வந்தாலே பிஸ்டன் வளையங்களுக்கு நடுவிலுள்ள மேடு உடையலாம். ஆயிலில் கால்சியம் டிடர்ஜென்ட் அதிகமானால் இது கூடும் என்று தெரிந்தபின்தான் 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்ற ஆயில் தரங்கள் வந்தன. பாட்டிலின் பின்னால் எஸ்பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது போதும். மிச்சம் ஓட்டுபவர் கையில்: ஐந்தாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் அடி வரை மிதிக்கக் கூடாது. ஆட்டோமேட்டிக்கில் ரீமேப் போட்டவர்கள் மேனுவல் மோடில் இதைச் செய்வதுதான் பெரும்பாலும் பிஸ்டனில் முடிகிறது.

பெட்ரோலில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இப்போது எங்கும் வந்துவிட்டது. எத்தனால் நாக்கைத் தாங்கும், ஆவியாகும்போது நன்றாகக் குளிர்விக்கும். அந்த வகையில் டர்போவுக்கு நண்பன். ஆனால் எத்தனால் கலக்காத பெட்ரோலை விட அதே காற்றுக்கு எடையில் சுமார் 8–9 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய பெட்ரோலில் எல்லை வரை இழுத்து எழுதிய மேப்பில், உச்சியில் உயரழுத்த பம்ப் பின்தங்கினால் ரயில் அழுத்தம் சரியும். இந்த வண்டியில் சரியவில்லை. பார்த்து உறுதி செய்தாயிற்று. மேப்பைத் தொடும் ஒவ்வொருவரும் லாக்கில் இந்த ஒரு அளவைப் பார்த்துவிட்டுத்தான் பூஸ்டை ஏற்ற வேண்டும்.

செய்த வேலை

முதலில் டார்க் ராட் மவுண்ட் புதிதாக. அதன் போல்ட்கள் முறுக்கும்போது நீளும், ஒருமுறை மட்டுமே போடும் வகை. பழையதைத் திரும்பப் போடுவதில்லை. பிறகு கீழ் ஹோஸ் ஒரிஜினலே புதிதாக, பைப் முனை பிரேக் கிளீனரால் எண்ணெய் போகத் துடைத்து, உலர விட்டு, டி போல்ட் கிளாம்ப். கிளாம்பை ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் ஹோஸை அதுவே கத்தரித்துவிடும்.

காணாமல் போன பக்கத் தகடு டீலர் கவுன்டரில் தனி உதிரியாகவே கிடைக்கிறது. மேல், கீழ் விளிம்புகளுக்கு 15 மில்லிமீட்டர் தடிமன், 25 மில்லிமீட்டர் அகலம், நீர் உறிஞ்சாத ரப்பர் ஃபோம் பட்டை, சுமார் 3 மீட்டர். குஷன் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பாஞ்ச் ஒட்டக் கூடாது. ஒரு மழையில் நீரைக் குடித்துத் தொங்கிவிடும். கண்டென்சர் துடுப்புகளை ஃபின் சீப்பால் நிமிர்த்தி, இன்டர்கூலரைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவி, உள்ளே இருந்த எண்ணெயைப் பெட்ரோலால் அலசி ஒரு இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தாயிற்று. ஈரத்தோடு மாட்டினால் அந்தப் பெட்ரோலை இன்ஜின் குடிக்கும்.

கடைசியாக மேப். 2.2 பார் என்ற எண்ணைக் கைவிட வேண்டியதில்லை. எங்கே கேட்கிறோம் என்பதை மாற்றினால் போதும். 2,800 முதல் 3,800 வரை 2.2 இருக்கட்டும், அங்கே கம்ப்ரஸர் திறமையாக இருக்கிறது. அதற்கு மேல் படிப்படியாக இறக்கி 5,500-இல் 1.8. காற்று வெப்பம் 75 டிகிரியைத் தாண்டினால் பூஸ்டும் தானாகக் குறையும்படி ஒரு வரம்பு. டைனோ (சக்தியை அளக்கும் இயந்திரம்) ஷீட்டில் உச்ச பிஎஸ் கொஞ்சம் குறைந்துவிட்டது. ட்யூனர்கள் இதைச் செய்யத் தயங்குவது அதற்காகத்தான். மூன்று வினாடி டைனோ ஓட்டத்தில் வெப்பம் கணக்கில் வருவதில்லை, வாடிக்கையாளர் நண்பர்களிடம் காட்டுவது அந்த உச்ச எண்ணைத்தான்.

மறுசோதனையில் வந்ததும் மிஞ்சியதும்

ரோட்டில் அதே ஊர்ந்த சூட்டில் இரண்டாவது கியர் முழு மிதி: கேட்டதும் வந்ததும் 0.05 பார் வித்தியாசத்துக்குள். பி0299 திரும்பவில்லை. டிராக்கில் வெளிவெப்பம் 35 டிகிரி, முன்பு 36. ஒப்பிடும் அளவுக்கு நெருக்கம். வேறு வேறு நாளின் லாக்கை ஒப்பிடும்போது காற்று வெப்பத்திலிருந்து அன்றைய வெளிவெப்பத்தைக் கழித்துப் பார்ப்பதுதான் நியாயம். முன்பு ஐந்தாவது சுற்றில் அந்த வித்தியாசம் 58, இப்போது 31. இக்னிஷன் பின்னிழுப்பு 2 டிகிரிக்குள். ஐந்தாவது சுற்று முதல் சுற்றைப் போலவே ஓடியது.

ஏழாவது சுற்றில் கியர்பாக்ஸ் சூடு என்று எச்சரிக்கை வந்தது. உலர் கிளட்ச் வகை டூயல் கிளட்சுக்கு எண்ணெய்க் குளிர்ச்சி கிடையாது. ரீமேப் டார்க்கில் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அது தேய்கிறது. இதற்குப் பொருத்தித் தீர்க்கும் பொருள் எதுவும் இல்லை. ஐந்து சுற்று ஓட்டி, ஒரு சுற்று மெதுவாக 2,500 ஆர்பிஎம்முக்குள் சுற்றி, பிட்டில் பானட்டைத் திறந்து பத்து நிமிடம் நிறுத்த வேண்டும். ஹேண்ட் பிரேக் இழுக்காமல், சக்கரத்துக்குக் கட்டை வைத்து. வண்டியை அணைத்த பிறகும் டர்போவைக் குளிர்விக்கும் எலக்ட்ரிக் பம்பும் ஃபேனும் ஓடுவது கேட்கும். பேட்டரியைக் கழற்றி அதை நிறுத்த வேண்டாம்.

தனியார் கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பில் ரேஸும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கின்றன என்பதும், ரீமேப்பை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால் ரோட்டு விபத்திலும் தகராறு வரலாம் என்பதும் உரிமையாளரிடம் எழுத்தில் கொடுக்கப்பட்டன. அடுத்த பார்வை 5,000 கிலோமீட்டரில்: ஆயில் மாற்றம், பிளக் இடைவெளி, கீழ் ஹோஸ் கிளாம்ப், பம்பரின் உள்ளே ஃபோம் ஒட்டு விட்டிருக்கிறதா என்பது. வால்வ்களின் மேல் கரி 60,000 கிலோமீட்டருக்குள் போர்ஸ்கோப் (உள்ளே நுழைக்கும் சின்ன கேமரா) போட்டுப் பார்க்கப்படும். நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வால்வைக் கழுவுவதில்லை என்பதால் அது எப்படியும் சேரும்.